தெருக்குழாயிலிருந்து எண்ணெய்க் கிணறு வரை: ஹென்றி டார்சியின் வாழ்க்கை

எண்ணெய் எடுக்கும் துறையில் வேலை செய்யும் பொறியியலாளர் ஒருவரிடம், நிலத்தடிப் பாறையொன்று எண்ணெயை எவ்வளவு இலகுவாகக் கசிய விடும் என்று கேட்டுப் பாருங்கள். இத்தனை மில்லிடார்சி என்றுதான் பதில் வரும். நீளத்துக்கு மீற்றர், நிறைக்கு கிலோகிராம் என்பதுபோல, பாறையின் ஊடுபுகவிடும் தன்மைக்கு டார்சி என்பது அலகு. அந்த அலகுக்குப் பெயர் கொடுத்த மனிதர் தன் வாழ்நாளில் ஓர் எண்ணெய்க் கிணற்றுக்காகவும் வேலை செய்தவரல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் துளைத்த புகழ்பெற்ற கிணற்றில் எண்ணெய் வந்தது 1859 ஆகஸ்டில். அதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்பே டார்சி இறந்துவிட்டார். அவர் வாழ்க்கை முழுவதும் கவலைப்பட்டது தண்ணீரைப் பற்றி. அதிலும் பெரும்பகுதி, தன் சொந்த ஊரின் குடிதண்ணீரைப் பற்றி.

பிரான்சின் கிழக்குப் பகுதியில் உள்ள டிஜோன் நகரில் 1803 ஜூன் 10 ஆம் திகதி ஹென்றி டார்சி பிறந்தார். தந்தை அரசாங்க வரி அலுவலர். 1817 இல் தந்தை இறந்தபோது ஹென்றிக்குப் பதினான்கு வயது. வீட்டில் ஒரு தம்பியும் உண்டு. தாய் கடன் வாங்கித்தான் ஆசிரியர்களை ஒழுங்குசெய்து பிள்ளையைப் படிப்பித்தார். உழைப்பவர் போன பின்னர் பிள்ளைகளின் படிப்பை மட்டும் கைவிடாத தாய்மாரை நாம் அறிவோம். அப்படியானவர்களின் வரிசையில் இந்த டிஜோன் தாயையும் சேர்த்துக்கொள்ளலாம். 1821 இல் ஹென்றி பாரிசின் எக்கோல் பொலிதெக்னிக்கில் இடம் பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின் பாலங்கள், வீதிகளுக்கான அரச பொறியியல் கல்லூரிக்குத் தெரிவானார். படிப்பு முடிந்து அரச பொறியியலாளராக அவர் திரும்பி வந்தது சொந்த ஊருக்கே. 1828 இல் திருமணம். மனைவி ஹென்றியட் கேரி, டிஜோனில் வாழ்ந்த ஓர் ஆங்கிலக் குடும்பத்துப் பெண். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அன்றைய டிஜோனில் ஏறக்குறைய இருபத்தையாயிரம் பேர் வாழ்ந்தார்கள். தண்ணீருக்குப் பெயர்போன ஊர் அது, ஆனால் கெட்ட பெயர். நகருக்குள் ஓடிய சூசோன் சிற்றாறு கழிவு வாய்க்காலாகிப் போயிருந்தது. வீட்டுக் கிணறுகள் மலக்குழிகளுக்கும் குப்பை மேடுகளுக்கும் பக்கத்தில் இருந்தன. தண்ணீர் கலங்கலாகவும் நாற்றமாகவும் இருந்தது. இந்த அவதி நூற்றாண்டுக் கணக்கில் தொடர்ந்தது. எத்தனையோ திட்டங்கள் கடதாசியில் எழுதப்பட்டு, பணமில்லாமலோ துணிவில்லாமலோ கைவிடப்பட்டன. கடைசியில் நகரசபை ஆழ்துளைக் கிணறு ஒன்றைப் போட்டுப் பார்த்தது. 1830 அளவில் சென்மிஷேல் சதுக்கத்தில் 150 மீற்றர் ஆழத்துக்குத் துளைத்தார்கள். தண்ணீர் மேலே ஏறி வந்தது. ஆனால் ஒரு நகரத்துக்குப் போதுமான அளவில் வரவில்லை.

இளம் பொறியியலாளரான டார்சி இதைக் கிட்டவிருந்து பார்த்தார். நிலத்துக்குக் கீழே தண்ணீர் இருப்பது ஒன்று, அது வேண்டிய வேகத்தில் கிணற்றுக்கு வந்து சேர்வது வேறொன்று. இந்த வித்தியாசம் அவர் மனதில் அப்போதே பதிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் கால் நூற்றாண்டு கழித்து அவர் விடை கண்டது இதே கேள்விக்குத்தான்.

1834 இல் அவர் தன் திட்டத்தை முன்வைத்தார். நகருக்கு வெளியே ரொஸ்வார் என்ற ஊற்று. அங்கிருந்து 12.7 கிலோமீற்றர் தூரத்துக்கு மூடிய வாய்க்கால் கட்டித் தண்ணீரை நகர எல்லைக்குக் கொண்டுவருவது. அங்கே நீர்த்தாங்கியில் சேமித்து, பின்னர் நிலத்தடிக் குழாய்கள் மூலம் வீதிகளுக்குப் பிரித்து அனுப்புவது. பம்பி எதுவும் கிடையாது. உயரத்திலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிற தண்ணீரின் சொந்த எடைதான் எல்லா வேலையையும் செய்யும். வாய்க்கால் மூடியிருப்பதால் வடிகட்டலும் தேவைப்படாது.

சொல்வதற்கு இலகு. ஆனால் பம்பி இல்லாத திட்டத்தில் கணக்கு பிழைத்தால் திருத்துவதற்கு வழியே இல்லை. நமது ஊர்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு எல்லோரும் கண்ட காட்சி ஒன்று உண்டு. தாங்கிக்குக் கிட்ட இருக்கிற வீட்டில் தண்ணீர் பீறிட்டு வரும். அதே ஒழுங்கையின் கடைசி வீட்டில் நூல்போல வடியும். தண்ணீர் குழாயின் சுவரோடு உரசிக்கொண்டு போகிறது. உரசும் ஒவ்வொரு மீற்றருக்கும் கொஞ்சம் அமுக்கத்தைத் தொலைக்கிறது. குழாய் ஒடுக்கமானால் இழப்பு மிக வேகமாகக் கூடுகிறது. எந்தத் தெருவுக்கு எத்தனை அங்குலக் குழாய் போட்டால் கடைசித் தெருவுக்கும் தண்ணீர் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லத் தெரியாவிட்டால், செலவழித்த பணம் மண்ணுக்குள்.

1839 இல் வேலை தொடங்கியது. 1840 செப்டெம்பர் 6 ஆம் திகதி ரொஸ்வார் நீர் நகரத்துத் தாங்கிக்கு வந்து சேர்ந்தது. நிமிடத்துக்கு 8,000 லீற்றர். ஆளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 400 லீற்றருக்கு மேல் வருகிறது. தாங்கியிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீற்றர் நீளத்துக்குக் குழாய்கள் பரவின. நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட தெருக்குழாய்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 100 மீற்றர் இடைவெளியில். எந்த வீட்டிலிருந்து வாளியோடு வந்தாலும் நூறு மீற்றருக்கு மேல் நடக்கத் தேவையில்லை. தெருக்குழாயில் எடுப்பதற்குப் பணமும் இல்லை. வசதியற்றவர்களின் தண்ணீரை அளந்து கொடுக்கக்கூடாது என்பது டார்சியின் உறுதியான நிலைப்பாடு. பெரிய பாரிஸ் நகரத்துக்கே இப்படியொரு விநியோகம் வருவதற்கு இன்னும் பல ஆண்டுகள் எடுத்தன.

முகாம்களில் பவுசர் வரும்வரை வெறும் கானோடு வெயிலில் நின்றவர்களுக்கு நூறு மீற்றர் என்ற அளவின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த வேலைக்காக டார்சிக்கு 55,000 பிராங்க் சேர வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அது பெரும் செல்வம். அவர் வாங்கவில்லை. நகரசபை வற்புறுத்தியபோது, ஒரு தங்கப் பதக்கத்தையும், வாழ்நாள் முழுவதும் தன் வீட்டுக்கு இலவசத் தண்ணீரையும் மட்டும் ஏற்றுக்கொண்டார். பாரிசையும் லியோனையும் இணைக்கும் ரயில் பாதை டிஜோன் வழியாகப் போக வேண்டும் என்று வாதாடி, மலையைக் குடைந்து போகும் 4 கிலோமீற்றர் நீளமான பிளேசி சுரங்கப் பாதையைத் திட்டமிட்டவரும் அவர்தான்.

இவ்வளவு செய்தவரை ஊர் வைத்திருந்ததா? 1848 இல் பிரான்சில் புரட்சி. மன்னராட்சி கவிழ்ந்தது. டிஜோனுக்கு வந்த புதிய நிர்வாகம், செல்வாக்குள்ள இந்தப் பொறியியலாளரைத் தனக்கு ஆபத்தானவராகப் பார்த்தது. அவர் பூர்ஜ் நகரத்துக்கு மாற்றப்பட்டார். அரசியல் காரணத்துக்காகத் தண்டனை இடமாற்றம் என்பது நாம் கண்டுபிடித்த பழக்கமல்ல. பிறந்து வளர்ந்து, தெருத்தெருவாகக் குழாய் பதித்த ஊரிலிருந்து நாற்பத்தைந்து வயதில் அவர் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

அந்த அநியாயம் அறிவியலுக்கு உதவியது என்பது விசித்திரம். விரைவிலேயே அவர் பாரிஸ் நகரின் நீர் மற்றும் வீதிகள் சேவையின் தலைமைப் பொறுப்புக்கு அழைக்கப்பட்டார். அங்கே ஷாயோ என்ற இடத்தில் பெரிய நீரேற்று நிலையம் இருந்தது. நீண்ட காலமாக மனதில் அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் ஒன்றைச் சோதிப்பதற்கு அவருக்கு இடமும் குழாயும் கிடைத்தன.

அன்று எல்லோரும் பயன்படுத்தியது புரோனி என்ற மூத்த அறிஞரின் சூத்திரம். குழாயின் உட்சுவர் வழுவழுப்பாக இருந்தாலும் சொரசொரப்பாக இருந்தாலும் அமுக்க இழப்பு ஒன்றேதான் என்று அது எடுத்துக்கொண்டது. பாடப்புத்தகமே அப்படிச் சொன்னது. டார்சி 1849 முதல் 1851 வரை ஷாயோவில் 22 வகைக் குழாய்களை வைத்துச் சோதித்தார். இரும்பு, ஈயம், கண்ணாடி, தார் பூசிய தகடு, புது வார்ப்பிரும்பு, துருவேறிய பழைய வார்ப்பிரும்பு. மிகச் சிறியது விரல் தடிப்பு விட்டம், மிகப் பெரியது 50 சென்ரிமீற்றர். ஏறத்தாழ இருநூறு பரிசோதனைகள். முடிவு தெளிவாக இருந்தது. குழாயின் உட்புறம் எப்படி இருக்கிறது என்பது அமுக்க இழப்பை மாற்றுகிறது. புதுக் குழாயை விட, காலப்போக்கில் துருவும் படிவும் ஏறிய குழாயில் இழப்பு இரண்டு மடங்காகலாம். ஆகவே இன்றைக்குப் போடுகிற குழாயை, அது பழசாகும் நாளை நினைத்துக் கணக்கிட வேண்டும் என்று அவர் எழுதினார். பழைய வீட்டுக் குழாயை வெட்டிப் பார்த்த எந்தக் குழாய்த் தொழிலாளிக்கும் இது தெரிந்த விடயம்தான். ஆனால் அறிஞர்களின் சூத்திரத்துக்குள் அதைக் கொண்டுவந்தவர் டார்சி.

ஜெர்மனியில் ஜூலியஸ் வைஸ்பாக் 1845 இல் எழுதிய சமன்பாட்டோடு டார்சியின் இந்த அளவீடுகள் பின்னாளில் சேர்ந்தன. இன்றும் உலகமெங்கும் பொறியியல் மாணவர்கள் டார்சி-வைஸ்பாக் சமன்பாடு என்றுதான் படிக்கிறார்கள்.

உடல்நிலை அவரை விட்டுவைக்கவில்லை. 1855 இல் வேலையிலிருந்து விடுபட்டு டிஜோனுக்குத் திரும்பினார். ஓய்வெடுக்க வந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஆண்டு ஒக்டோபர் 29, 30 ஆம் திகதிகளில், நகர வைத்தியசாலையின் முற்றத்தில், சார்ள்ஸ் ரிட்டர் என்ற பொறியியலாளரோடு சேர்ந்து ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். 35 சென்ரிமீற்றர் விட்டமுள்ள, ஆளை விட உயரமான இரும்புக் குழாயை நிமிர்த்தி வைத்து, அதற்குள் சோன் ஆற்று மணலை நிரப்பினார்கள். மேலிருந்து தண்ணீரை விட்டு, மணலுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அமுக்கம் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வடிகிறது என்று அளந்தார்கள். மணல் படையின் தடிப்பை 58 சென்ரிமீற்றரிலிருந்து 1.7 மீற்றர் வரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

வைத்தியசாலைக்கு வந்த தண்ணீர், அவரே பதித்த குழாயில் வந்தது. நோயாளர் விடுதியில் யாராவது குழாயைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் இரச மானியின் மட்டம் ஆடியது. அந்த ஆட்டத்தை மறைக்காமல் குறிப்பில் எழுதிவைத்தார்கள். அடுத்த பெப்ரவரியில் ரிட்டர் பரிசோதனையை வேறு விதமாக மீண்டும் செய்தபோதும் விடை மாறவில்லை. மணலூடாகப் போகும் நீரின் அளவு, இரண்டு முனைகளுக்கும் இடையிலான அமுக்க வித்தியாசத்துக்கு நேர்விகிதம். மணல் படையின் நீளத்துக்கு நேர்மாறு விகிதம். மணலுக்கு மணல் மாறுவது ஒரே ஒரு குணகம்.

1856 இல் டிஜோன் நகரின் பொது நீர்க்குழாய்கள் பற்றி அவர் வெளியிட்ட பெரிய நூல் 647 பக்கம். நீர் வழங்கல் வேலை செய்கிற பொறியியலாளர்களுக்கான கைநூலாகவே அதை எழுதினார். மேற்சொன்ன விதி அதன் பின்னிணைப்புகளில் ஒன்றில், சில பக்கங்களில் இருக்கிறது. உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்தச் சில பக்கங்களுக்காக. அவர் தன் வாழ்நாள் வேலை என்று கருதியிருக்கக்கூடிய மீதி அறுநூறு பக்கங்களை டிஜோன்காரர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஷாயோ பரிசோதனைகள் பற்றிய நூல் 1857 இல் வெளிவந்தது. 1858 ஜனவரி 3 ஆம் திகதி, பாரிசுக்குப் போயிருந்த இடத்தில், நியூமோனியா காய்ச்சலால் இறந்தார். வயது ஐம்பத்து நான்கு. உடல் டிஜோனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்டது. திறந்த வாய்க்கால்களில் நீரோட்டம் பற்றி அவர் தொடங்கிய ஆய்வை இளைய பொறியியலாளர் ஹென்றி பசான் எடுத்து நடத்தி முடித்தார்.

இனி எண்ணெய்க் கிணற்றுக்கு வருவோம். ஏனென்றால் டார்சியின் இரண்டு வேலைகளும், மணலும் குழாயும், அங்கே ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன.

கிணற்றின் அடியில் எண்ணெய் குளம்போல் நிற்பதில்லை. அது பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் ஊறியிருக்கிறது. பாறையிலிருந்து கிணற்றுக்குள் கசிந்து வருவது டார்சியின் மணல் கணக்கு. அமெரிக்கப் பெற்றோலிய ஆய்வாளர்கள் 1933 இல் அந்த அலகுக்கு டார்சி என்று பெயரிட்டதற்குக் காரணமும் இதுவே. கிணற்றுக்குள் வந்த எண்ணெய் நீண்ட குழாய் வழியாக மேலே ஏறுவது அவருடைய குழாய்க் கணக்கு. அடியில் இருக்கும் அமுக்கத்தில் ஒரு பகுதி பாறையில் தொலைகிறது, மறுபகுதி குழாயில் தொலைகிறது. மிஞ்சுவதைப் பொறுத்துத்தான் எண்ணெய் தானாக மேலே வருமா, அல்லது கிணறு செத்துப்போகுமா என்பது.

சிக்கல் என்னவென்றால், டார்சி அளந்தது தண்ணீர் மட்டும். கிணற்றுக் குழாயில் எண்ணெய், எரிவாயு, உப்புநீர் மூன்றும் சேர்ந்து வருகின்றன. சோடாப் போத்தலைத் திறக்கும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். மூடியிருக்கும்வரை வாயு தெரியாது. அமுக்கம் குறைந்த கணத்தில் நுரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. எண்ணெயும் அப்படியே. ஆழத்தில் அதற்குள் கரைந்திருந்த வாயு, மேலே ஏற ஏறக் குமிழியாகப் பிரிகிறது. முதலில் சிறு குமிழிகள். பிறகு குழாயை அடைக்கிற பெரிய வாயுத் திரள்கள், இடையிடையே எண்ணெய்க் கட்டைகள். வாயு இன்னும் கூடினால் நடுவில் வாயு பாய, சுவரோரம் எண்ணெய் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு ஏறும்.

வாயு கலந்தால் கலவையின் எடை குறைகிறது, ஆகவே தூக்குவது இலகு. ஆனால் வேகம் கூடுவதால் உராய்வு கூடுகிறது. அதோடு வாயு எண்ணெயை விட வேகமாக நழுவி மேலே ஓடிவிடுகிறது. பின்தங்கிய எண்ணெய் குழாயில் தேங்கி மீண்டும் எடையைக் கூட்டுகிறது. எந்த ஆழத்தில் குழாயின் எத்தனை பங்கு எண்ணெய், எத்தனை பங்கு வாயு என்று தெரியாமல் அமுக்க இழப்பைச் சொல்ல முடியாது. அமுக்கம் தெரியாமல் அந்தப் பங்கையும் சொல்ல முடியாது. அதனால்தான் குழாயைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதிப்பை ஊகித்து, திருத்தித் திருத்தி அடுத்த துண்டுக்குப் போகிறார்கள். குழாய் அகலமாகப் போட்டால் வாயு நழுவி, எண்ணெய் தேங்கிக் கிணறு நின்றுபோகும். ஒடுக்கமாகப் போட்டால் உராய்வு தின்றுவிடும்.

இங்கேயும் கடைசியில் டார்சியின் வழிதான் உதவியது: அளந்து பார்ப்பது. 1965 இல் ஹேகடோர்ன், பிரவுன் என்ற இருவர் 1,500 அடி ஆழமான பரிசோதனைக் கிணற்றில் வாயுவையும் திரவத்தையும் கலந்து விட்டு அளந்த தரவுகளிலிருந்து ஒரு கணிப்பு முறையை வெளியிட்டார்கள். 1973 இல் பெக்ஸ், பிரில் இருவரும் ஒளி ஊடுருவும் 90 அடிக் குழாய்களைப் பல சாய்வுகளில் வைத்து, உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அளந்தார்கள். இந்த முறைகள் இன்னும் கணினி மென்பொருள்களுக்குள் இருக்கின்றன. அவற்றில் உராய்வைக் கணக்கிடும் வரிக்குப் போனால், குழாய்ச் சுவரின் சொரசொரப்பு எவ்வளவு என்று கேட்கும். ஷாயோவில் டார்சி கேட்ட அதே கேள்வி.

2011 இல் மன்னார்ப் படுகையில், கடலடியில் துளைத்த கிணறுகளில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. அது என்றாவது மேலே எடுக்கப்படுமானால், பாறைக்கு டார்சி அலகையும் குழாய்க்கு அவருடைய உராய்வுக் கணக்கையும் யாரோ ஒரு பொறியியலாளர் எழுதித்தான் தொடங்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீரை ஆராய்பவர்களும் டார்சி விதியில்தான் தொடங்குகிறார்கள். நமது சுண்ணக்கல் மணலைப்போல் சீரானதல்ல. வெடிப்பும் குகையுமாக இருப்பதால் தண்ணீர் சில இடங்களில் விதியை மீறி ஓடுகிறது. தண்ணீரில் கலக்கும் நஞ்சும் அதே வழியில், எதிர்பார்த்ததை விட வேகமாக அடுத்த காணிக் கிணற்றுக்குப் போய்விடும். டார்சி விதி எங்கே பொருந்தாது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நமக்கு இன்னும் அவசியம்.

டிஜோனில் அவருடைய நீர்த்தாங்கி இருந்த சதுக்கத்துக்கு, அவர் இறந்த உடனேயே அவர் பெயரை வைத்தார்கள். 1880 இல் அந்தத் தாங்கியைச் சுற்றி நகரின் முதல் பொதுப் பூங்காவை அமைத்தார்கள். அதுவும் டார்சி பூங்காதான். வாசலில் வெள்ளைக் கரடிச் சிலை ஒன்று நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் படமெடுப்பது பெரும்பாலும் கரடியைத்தான். ரொஸ்வார் தண்ணீர் வந்து விழுந்த தாங்கி அங்கேதான், பூங்காவுக்குக் கீழே இருக்கிறது.